அன்னாசியைக் காலையில்தான் போட வேண்டும்

என் மகனே,

இப்படித் தொடங்கியதும் நீ சிரிப்பாய் என்று தெரியும். உன்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவள், யாரிடமும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாதவள், மகனே என்று கூப்பிடுகிறாளே என்று நினைப்பாய். எனக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அக்கா என்றால் தம்பியோடு சண்டை போடலாம், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம், சாயங்காலம் மறந்தும் போகலாம். அம்மா போன பிறகு எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. உனக்கு இழுப்பு வந்தால் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொன்னபோது அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து, தலையைக் குனிந்தபடி டீச்சர் முன்னால் நின்றதும் நான். அதனால் இந்த ஒரு தடவை தாயின் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் மகனாக உட்கார்ந்து கடைசிவரை படி.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டேன். "அக்கா, கோவிச்சுக்காத, அவசரம். இங்க ஹாஸ்டல் மெஸ்ஸில ஒரு நாள் காலைச் சாப்பாட்ட நாங்களே செய்யணும்னு பசங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் சியா புட்டிங் செஞ்சு காட்டுறேன்னு சொல்லிட்டேன். அந்தமான்ல டூரிஸ்ட்டுக்கெல்லாம் நான்தான் செஞ்சு குடுப்பேன்னு கொஞ்சம் அளந்தும் விட்டுட்டேன். நீ எப்படிச் செய்வே, ஒண்ணு விடாம சொல்லு. அன்னாசிய மட்டும் ராத்திரியே போடக் கூடாது, அது நல்லா ஞாபகம் இருக்கு." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். பக்கத்தில் யாரோ "ஏன்டா சிரிக்கிற?" என்று கேட்டான். "அது பெரிய கதை மச்சான்" என்றாய். அதோடு வாய்ஸ் முடிந்துவிட்டது.

நான் விரிப்பைக் கொடியில் பாதி போட்டபடி நின்றுவிட்டேன். அதுவரை ஒரு சின்ன சந்தேகம் எனக்கு மிச்சம் இருந்தது. அன்று புட்டிங் கெட்டுப்போனதற்கு என்ன காரணம் என்று உனக்குத் தெரிந்திருக்காது, பயத்தில் ஏதோ சொல்லிவிட்டாய், அதன் கனம் உனக்குப் புரியவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. சிரிக்கும் அளவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கேட்டதைக் கொடுக்கிறேன். சாப்பிடப்போகிற அந்தப் பிள்ளைகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் செய்முறையை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாதபடிதான் எழுதப்போகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். விதையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று தேடுகிறபோது நான் சொல்ல வந்ததும் கண்ணில் படட்டும். உன் நண்பர்கள் படித்தாலும் படிக்கட்டும். அந்தப் பெரிய கதையை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் விதை. கடையில் சியா என்றே கேட்டு வாங்கு. சர்பத்தில் போடுகிற சப்ஜாவை, நம் வீட்டில் கசகசா என்போமே, அதை எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். சப்ஜா நல்ல கறுப்பு. கொஞ்ச நேரத்திலேயே ஊதிவிடும், விடிய விடிய வைத்தாலும் பாலைக் கட்டிப்பிடிக்காது. சியா சாம்பலும் கறுப்புமாகக் கலந்து, காடை முட்டைப் புள்ளி போல இருக்கும். ஹோம்ஸ்டேயில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஷிப்ரா ஆன்ட்டி அந்தப் பாக்கெட்டை என் கையில் கொடுத்தபோது, இது கசகசாதானே என்று நினைத்து எலுமிச்சைச் சர்பத் கலக்கப் போனேன். ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அரே பக்லி, இதர் ஆ!" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். பைத்தியக்காரி என்று திட்டினாலும் அதில் எனக்கு வலிக்கவில்லை. ஒருவர் என் கையைப் பிடித்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது உனக்கு நினைவிருக்கிறதா? அம்மாவின் காரியம் முடிந்ததும் அப்பா நம் இரண்டு பேரையும் கட்சால் தீவுக்கே திரும்பக் கூட்டிப்போகப் பார்த்தார். "போர்ட் பிளேர்ல ரெண்டு புள்ளைங்கள யாரு பாக்குறது? ரப்பர் தோட்டத்த விட்டுட்டு நான் வந்தா சோத்துக்கு என்னா வழி?" என்றார். நீ அழுதாய். படிக்க வேண்டும் என்று அழுதாய். நான்தான் சொன்னேன், "தம்பி படிக்கட்டும்பா. நான் பள்ளிக்கூடத்த விட்டு நின்டுக்கிறேன். சமைச்சுப் போட்டுக்கிட்டு ஏதாச்சும் வேலைக்குப் போறேன்." ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அதை ஒரு தியாகம் என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் அதற்காகச் சொல்லவில்லை. நான் ஏன் படிக்கவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா, நான், நீ. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

தேங்காய்ப் பாலை நீயே பிழிந்துகொள். மெயின்லேண்டில் டப்பாவில் கிடைக்கும் என்பார்கள், அது வேண்டாம். முதல் பாலை மட்டும் ஊற்றினால் ஃப்ரிட்ஜில் மெழுகுபோல உறைந்துவிடும். இரண்டாம் பாலில் பாதி முதல் பாலைக் கலந்துகொள். ஒரு டம்ளர் பாலுக்கு மூன்று மேசைக்கரண்டி சியா, கரைத்து வடிகட்டிய வெல்லம் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. கலக்கிவிட்டு அப்படியே மூடிவைத்துப் போய்விடாதே. கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்று மறுபடி ஒரு தடவை அடியிலிருந்து கிண்டு. அந்த இரண்டாவது தடவையைச் செய்யாதவர்களின் புட்டிங்தான் மேலே தண்ணீரும் அடியில் கட்டியுமாக இருக்கும். பிறகு மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் கரண்டி நிற்கும்.

ஆன்ட்டியின் ஹோம்ஸ்டேயில் காலைச் சாப்பாடு என்றால் பூரியும் உருளைக்கிழங்கும்தான். யோகா செய்யவும் கடலுக்கடியில் மீன் பார்க்கவும் வருகிறவர்கள் எண்ணெயைப் பார்த்தாலே முகம் சுளித்ததால்தான் இந்தப் புட்டிங்கே அங்கே வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் மாம்பழக் கூழ், அதன்மேல் புட்டிங், அதற்கும் மேல் காலையில் நறுக்கிய பழம். நான் விருந்தாளிகள் முன்னால் போக மாட்டேன். ஜன்னல் வழியாகக் கிண்ணங்களை நீட்டிவிட்டு உள்ளேயே நின்றுகொள்வேன். அங்கிருந்தே அவர்கள் முதல் கரண்டி வாயில் வைப்பதைப் பார்ப்பேன். ஒருத்தர் கண்ணை மூடுவார், ஒருத்தர் பக்கத்திலிருப்பவரைத் தட்டிக் கூப்பிடுவார். அவர்கள் எழுந்து போகும்வரை என் முகத்தில் சிரிப்பு இருக்கும் என்று ஆன்ட்டி சொல்வார்கள். இந்த ஊரில் நான் பேசாமலே எல்லோருக்கும் என்னைப் பிடித்த இடம் அது ஒன்றுதான். நீயும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு அங்கே எனக்கு ஒத்தாசைக்கு வந்தாய். நீ இப்போது படிக்கிற கல்லூரியில் தனக்குத் தெரிந்தவரிடம் உனக்காகப் பேசுவதாக ஆன்ட்டி சொல்லியிருந்தார்கள். நீ மரியாதையாக, கலகலப்பாக இருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

புட்டிங் கெட்டுப்போன அந்த வாரம் கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை. மாம்பழம், ஆப்பிள் எதுவும் மார்க்கெட்டில் இல்லை. இருந்தது பெரார்கஞ்சிலிருந்து வந்த அன்னாசிதான், வண்டி வண்டியாக. எனக்குச் சாயங்காலத்திலிருந்தே காய்ச்சல் அடித்தது. "நீ ரூமுக்குப் போக்கா, நான் கலந்து வெச்சுட்டு வாறேன்" என்றாய். போகும்போது வாசலில் நின்று சொன்னேன், "அன்னாசிய இப்பப் போடாத. காலையில நான் வந்து நறுக்குறேன். தேங்கா துருவி வெச்சிருக்கு, பால் மட்டும் பிழிஞ்சுக்க." நீ கையை ஆட்டினாய். "தெரியும், தெரியும், போயேன்!"

பச்சை அன்னாசியை மாட்டுப் பாலில் போட்டு ஊறவிட்டால் பால் திரிந்து, நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசக்கும். பப்பாளியும் அப்படித்தான், இரவு முழுக்க வைத்தால் கசப்பேறும். அன்னாசியை முன்கூட்டியே சேர்க்க ஆசையாக இருந்தால் சர்க்கரை போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியபிறகு சேர். அப்போது ஒன்றும் செய்யாது. பச்சையாக என்றால் காலையில்தான், அதுவும் பரிமாறும்போதுதான். வாழைப்பழத்தையும் காலையிலேயே நறுக்கு, இல்லாவிட்டால் கறுத்துவிடும். இதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நீ தேங்காய் பிழியச் சோம்பல்பட்டு பாக்கெட் பாலை ஊற்றினாய்; கழுவ வந்த கிண்ணங்களில் திரிந்து கிடந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனில் பார்த்த படம் மாதிரி வரவேண்டும் என்று அன்னாசித் துண்டுகளை நடுநடுவே அடுக்கினாய். காலையில் எழுந்து நறுக்கச் சோம்பலாகவும் இருந்திருக்கும்.

காலையில் நான் போய்ச் சேருவதற்குள் பரிமாறிவிட்டார்கள். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற கல்லருகே செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு குழந்தை துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அம்மாவின் கோபம், நாற்காலிகள் நகரும் சத்தம். ஆன்ட்டி அடுப்படிக்கு வந்து உன்னிடம் கேட்டார்கள், "கிஸ்னே பனாயா யே?" யார் செய்தது என்ற அந்தக் கேள்விக்கு நீ உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நான் ஈரக் காலோடு அசையாமல் நின்றேன். நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ சொன்னாய்: "தீதி னே." அக்கா செய்தாள். அதோடு விட்டிருந்தால்கூட நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆன்ட்டி "அவள் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லையே" என்று இழுத்தபோது நீ ஒன்று சேர்த்தாய், "படீ லிக்கீ நஹீ ஹை நா, ஆன்ட்டி. உஸ்கோ க்யா மாலூம்."

படித்தவள் இல்லையே, அவளுக்கு என்ன தெரியும். நான் ஏன் படிக்கவில்லை என்று தெரிந்த மூன்று பேரில் ஒருவன் இதைச் சொன்னான்.

மறுநாளிலிருந்து ராஞ்சிக்காரி பிம்லா தீதி அடுப்படிக்கு வந்தாள். எனக்கு அறை துடைக்கிற வேலையும் விரிப்பு துவைக்கிற வேலையும். ஆன்ட்டி கத்தவில்லை, "தபியத் டீக் நஹீ தோ போல்னா தா" என்று மட்டும் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்றால் சொல்லியிருக்கலாமே என்று. நான் தரையைப் பார்த்தேன். ரூமுக்கு வந்ததும் நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ தேங்காய் ரொட்டியைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டபடி, "ஆன்ட்டிக்கு மூட் சரியில்லக்கா. நீ டென்ஷன் ஆவாத" என்றாய். இன்னும் ஒரு ரொட்டி கேட்டாய். போட்டேன். நீ கப்பல் ஏறுகிற அன்றைக்கும் உன் பையை நான்தான் ஹாடோ ஜெட்டிவரை சுமந்தேன். கேட்டுக்குள் நுழையும் முன்னால் சொல்வாய் என்று பார்த்தேன். "போன் பண்றேன்" என்றாய்.

உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் நீ உடைத்ததற்கு நான் திட்டு வாங்கியிருக்கிறேன், உண்மைதான். நீ பதினெட்டை நெருங்கியபிறகு சொன்ன பொய்க்கும் நானே காரணம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. ஏற்கெனவே ஒன்றை என் தலையில் வைத்திருக்கிறாய். அது போதும்.

உனக்குச் சொல்ல நினைத்த புத்தி ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் தப்பு நடக்கும். உப்பு கூடும், பால் திரியும், பாத்திரம் தீயும். அந்த நேரத்தில் யார் செய்தது என்று கேட்டால் "நான்" என்று சொல்லிப் பழகு. ஒரு நிமிஷம் முகம் சிவக்கும். நான் அதைவிடப் பெரிய கூச்சக்காரி, எனக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் செத்துப்போவதில்லை. சீசன் தொடங்கப்போகிறது. அதற்குள் ஆன்ட்டிக்கு நீயே போன் செய்து நடந்ததைச் சொல். எனக்கு அந்த அடுப்படி வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு நேற்று வேலைக்குப் போனேன். மீதியை இப்போது எழுதுகிறேன். நேற்றுக் காலையில் நான் நினைக்காத ஒன்று நடந்துவிட்டது.

பிம்லா தீதிக்குக் கல்யாண வீடு, இன்றிலிருந்து சில நாள் வர மாட்டாள். ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, "பூரி தேய்ப்பாயா? புட்டிங் மட்டும் வேண்டாம், ஹாங்? அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் வாயிலிருந்து இந்தியில் சத்தமாக வந்துவிட்டது, "மைன்னே நஹீ பனாயா தா, ஆன்ட்டி." நான் செய்யவில்லை ஆன்ட்டி. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. காய்ச்சல், தேங்காய், அன்னாசி எல்லாம் சொன்னேன்.

பிம்லா தீதி துடைப்பத்தோடு வாசலில் நின்றுவிட்டாள். "ஹாய் ராம், இதுக்குப் பேசவும் வருமா!" என்றாள்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று ஆன்ட்டி கேட்டார்கள்.

"அவன் சொல்வான் என்று இருந்தேன்."

ஆன்ட்டி மூலையிலிருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "அன்று குப்பையில் காலிப் பால் பாக்கெட் கிடந்தது. நீ பாக்கெட் பால் தொட மாட்டாயே. துருவிய தேங்காய் அப்படியே புளித்துக் கிடந்தது. நானே எடுத்துக் கொட்டினேன், அப்போது எனக்கு உறைக்கவில்லை" என்றார்கள். என் பேச்சை நம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்போதுதான் உன்னைக் கூப்பிட அவர்கள் போனை எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. நீயே சொல்லிவிடுவதற்கு இது ஒரு வழி என்று தோன்றியது.

நீ எடுத்தாய். "நமஸ்தே ஆன்ட்டி! கைஸீ ஹோ?" என்று சந்தோஷமாகக் கேட்டாய். ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நலம் விசாரித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "பேட்டா, அந்த அன்னாசிப் புட்டிங் அன்று யார் செய்தது?" என்றார்கள். நீ சிரித்தாய். "அரே ஆன்ட்டி, இத்னீ புரானீ பாத்" என்றாய். பழைய கதை. ஆன்ட்டி விடவில்லை, "சொல்லு." அதே இடைவெளி மறுபடி வந்தது. நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னாய், "தீதி னே ஹீ தோ பனாயா தா. பேச்சாரீ." பாவம், அக்காதான் செய்தாள் என்று எனக்காகப் பரிதாபமும் பட்டாய்.

நான் அங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஆன்ட்டியும் சொல்லவில்லை. "அச்சா பேட்டா, நன்றாகப் படி" என்று வைத்துவிட்டார்கள். பிம்லா தீதி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ஆன்ட்டி மேல் அலமாரியிலிருந்து சியா டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்கள். நேற்றுச் சாயங்காலம் கலந்து வைத்தேன், இன்று காலையில் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். எல்லாக் கிண்ணமும் வழித்துத் திரும்பி வந்தன.

ஆக, எனக்கு அடுப்படி கிடைத்துவிட்டது. நீ சொல்லி அது கிடைத்திருந்தால் நீயும் எனக்குக் கிடைத்திருப்பாய்.

செய்முறை முழுதும் மேலே இருக்கிறது, ஒன்றும் ஒளிக்கவில்லை. உன் நண்பர்களுக்கு நன்றாகச் செய்து கொடு. எனக்கு வாய்ஸ் அனுப்பாதே, கேட்க மாட்டேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, உன் குரலைக் கேட்க இப்போது எனக்குத் தெம்பு இல்லை. நேற்று அப்பா கட்சாலிலிருந்து பேசினார். "என்னா புள்ள, தம்பி நல்லா இருக்கானா? உன்னய நல்லா விசாரிக்கிறானா?" என்று கேட்டார். நல்லா இருக்கான்ப்பா என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதை அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடியே சொல். சொன்ன பிறகு அவர் என்னைக் கூப்பிடுவார். அந்தப் போன் வருகிற அன்றைக்கு நான் உன்னோடு பேசுகிறேன்.

உன்னை வளர்த்தவள்